நாலு மாதத்தில் கிராஸ் போகிறது என்றால்: பழைய ஃபோர் வீல் ஜீப்பின் ஷாஃப்ட் வேலை

நீங்கள் கேட்டதைச் சுருக்கி வைத்துக்கொள்கிறேன். தண்டையார்பேட்டையில் ஓடும் 1996 மாடல் மஹிந்திரா ஃபோர் வீல் ஜீப். ஃபர்ஸ்ட் கியரிலிருந்து ரிவர்ஸுக்குப் போட்டால் அடியில் ‘டங்’ என்று ஒரு அடி. 50, 60 கி.மீ. வேகத்தில் சீட்டுக்கு அடியில் அதிர்வு. என்ஜினின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் பின் ஷாஃப்டின் இரண்டு கிராஸையும் (இரு முனையிலும் ஷாஃப்ட் சாய்ந்து சுழல வைத்த கூட்டல்குறி வடிவ மூட்டு) மாற்றி நாலு மாதம்தான் ஆகிறது, அதற்குள் பழைய கதை திரும்பிவிட்டது. ஒரு மெக்கானிக் ஷாஃப்டையே முழுதாக மாற்றச் சொல்கிறார், இன்னொருவர் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ஷாஃப்ட் வாங்கிப் போட்டால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்கு முன்னால் விடை காண வேண்டியது வேறொன்று: புதுக் கிராஸ் நாலே மாதத்தில் ஏன் போனது? அது தெரியாமல் எந்த ஷாஃப்டைப் போட்டாலும் அதுவும் அதே வழியில்தான் போகும். போகிற போக்கில் இரண்டு தகவல் சொல்லியிருக்கிறீர்கள்: பாரத்துக்காகப் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டது, வியாசர்பாடிப் பக்கம் முழங்கால் தண்ணீரில் ஓட்டியது. என் கவனம் முழுக்க அந்த இரண்டின் மேல்தான் இருக்கிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியது இது. சரியான அளவில், சரியாகப் பொருத்தி, கிரீஸ் வைத்துவந்த கிராஸ் பல பத்தாயிரம் கி.மீ. ஓடும். சில மாதத்தில் போனால் காரணம் ஐந்தில் ஒன்று: கிராஸின் நாலு மூக்கையும் மூடும் கப் உட்காரும் யோக்கின் (கவை போன்ற பிடி) துளை தேய்ந்திருக்கிறது, ஷாஃப்டின் கோணம் கூடிவிட்டது, கிரீஸ் நாலு கப்புக்கும் போய்ச் சேரவில்லை, தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, அல்லது பொருத்தும்போதே கப்புக்குள் இருக்கும் பேரிங் ஊசி விழுந்துவிட்டது. இதில் உங்கள் வண்டிக்கு எது என்பதை எழுத்தில் படித்துச் சொல்ல முடியாது. கழற்றிய பழைய கிராஸ் சொல்லும். அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

முதலில் சத்தம். அந்த ‘டங்’ கிராஸிலிருந்துதான் வருகிறது என்று வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்காமல் முடிவுகட்டக் கூடாது. கிளட்சிலிருந்து சக்கரம் வரை எங்கெல்லாம் பிளே, அதாவது தளர்ந்த அசைவு, இருக்கிறதோ அத்தனையும் சேர்ந்து ஒரே அடியாகக் கேட்கும். ஸ்பிளைன் (ஷாஃப்ட் நீளவும் சுருங்கவும் ஒன்றுக்குள் ஒன்று வழுக்கும் பல்), கிராஸ், கிரவுன் பினியன் (ஆக்சிலின் நடுவில் உள்ள பல்சக்கரங்கள்), ஆக்சில் ஷாஃப்டின் பல், கிழிந்துபோன கியர்பாக்ஸ் மவுண்டிங் ரப்பர், தளர்ந்த பட்டை யூ போல்ட் எல்லாமே இந்தச் சத்தத்தைக் கொடுக்கும். சமதரையில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஹேண்ட் பிரேக்கையும் விடுவித்துவிட்டுப் பாருங்கள். கியரில் நிற்கும் வண்டியில் ஷாஃப்ட் முறுக்கேறி நிற்பதால் பிளே தெரியாது. ஜாயிண்டின் இரு பக்கத்தையும் இரு கையால் பிடித்து எதிரெதிராகத் திருப்புங்கள். பிறகு யோக்கின் காதுக்கும் கிராஸுக்கும் நடுவே பெரிய ஸ்குரூ டிரைவரை வைத்து நெம்புங்கள். கண்ணுக்குத் தெரிகிற அசைவு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அந்தக் கிராஸ் முடிந்தது. கப்பின் சீலைச் சுற்றிச் செங்காவி நிறத்தில் தூள் படிந்திருந்தால் நெம்பிக்கூடப் பார்க்க வேண்டாம், உள்ளே ஊசிகள் வறண்டு அரைபடுகின்றன.

அங்கேயே கிரவுன் பக்கத்து பினியன் ஃபிளாஞ்சை (ஷாஃப்டைப் பூட்டும் தட்டை)ப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். சுழலும் திசையில் கொஞ்சம் பிளே இருப்பது இயல்பு, பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி வேண்டும். மேலும் கீழும் அசைந்தால் அது பினியன் பேரிங், ஷாஃப்ட் வேலை செய்து அது தீராது. பினியன் நட்டைச் சும்மா இறுக்கிவிடலாம் என்று யாராவது ஸ்பானரோடு வந்தால் தடுத்துவிடுங்கள். பல ஆக்சில்களில் அந்த நட்டின் இறுக்கம்தான் பேரிங்கின் முன்பாரத்தை, அதாவது அதன் மேல் முன்கூட்டியே வைக்கும் அழுத்தத்தை, தீர்மானிக்கிறது. கண்மூடித்தனமாக இறுக்கினால் பேரிங்கும் போகும், பல்லும் ஊளையிட ஆரம்பிக்கும்.

அதிர்வுக்கு வருவோம். 60 கி.மீ. வேகம் என்றால் நிமிடத்துக்கு 1,000 மீட்டர். ஜீப் டயரின் சுற்றளவைச் சுமார் 2.2 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால் சக்கரம் நிமிடத்துக்கு 455 சுற்று, அதாவது நொடிக்கு ஏழரை. கிரவுன் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்பது, 5-ஐ ஒட்டி இருந்தால் ஷாஃப்ட் நொடிக்கு 38 முறை சுற்றுகிறது. அதனால் டயர், ரிம் கோளாறு என்றால் ஸ்டீயரிங்கிலும் உடம்பிலும் மெதுவான உதறலாகத் தெரியும். ஷாஃப்ட் கோளாறு என்றால் தரைத்தகட்டில் விர்ரென்ற நடுக்கமாக, பாதத்தில் கூசுவதுபோல வரும். கோணம் தப்பிய ஜாயிண்ட் ஒரு சுற்றுக்கு இருமுறை உதறும் என்பதால் அந்த நடுக்கம் இன்னும் பொடியாக, காதில் முனகலாகவே கேட்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் இல்லாத அதிகாலையில் ஒருமுறை பாருங்கள். அதிர்வு வரும் வேகத்தைப் பிடித்து, அதே வேகத்தில் தேர்டு கியரிலும் டாப் கியரிலும் ஓட்டுங்கள். இரண்டிலும் ஒன்றாக இருந்தால் அது சாலை வேகத்தோடு போகும் கோளாறு: ஷாஃப்ட், கிரவுன், சக்கரம் இவற்றில் ஒன்று. கியர் மாற்றியதும் மாறினால் என்ஜின், கிளட்ச் பக்கம் தேட வேண்டும். ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டும் வந்தால் பின் ஆக்சில் முறுக்கிக்கொண்டு கோணம் மாறுகிறது என்றும், காலை எடுத்ததும் மட்டும் வந்தால் பினியன் தளர்வு என்றும் சந்தேகப்படலாம். இந்தக் கடைசி இரண்டும் வெறும் சந்தேகம்தான், தீர்ப்பு இல்லை.

ஃபோர் வீல் வண்டியில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்துவிட்டு டூ வீலில் ஓட்டிப் பார்க்கலாம். அதிர்வு போய்விட்டால் குற்றம் முன்னால்தான். முன் சக்கரத்தை ஆக்சிலோடு பிணைக்கும் முன் ஹப் லாக்கில் இருந்தால் டூ வீலில் போகும்போதும் முன் ஷாஃப்ட் சுற்றிக்கொண்டேதான் இருக்கும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால் கழற்றுவதற்கு முன்பு ஹப்பை ஃப்ரீயில் போட்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பின் ஷாஃப்டைக் கழற்றும்போது கவனம் வேண்டும். பின் ஷாஃப்ட் இல்லாத வண்டியை டூ வீல் நிலையில் கியரில் போட்டு நிறுத்தினாலும் அது நிற்காது. சில பழைய ஜீப்களில் ஹேண்ட் பிரேக் டிரம்மே, முன் பின் ஷாஃப்டுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கும். அவற்றில் ஷாஃப்டைக் கழற்றிய நொடியில் ஹேண்ட் பிரேக்கும் இல்லாமல் போகிறது. சரிவில் நிற்கும் வண்டிக்கு அடியில் படுத்து கடைசி போல்ட்டை எடுப்பவர் மேல்தான் வண்டி உருளும். சமதரை, நாலு சக்கரத்துக்கும் கட்டை, இது இரண்டும் இல்லாமல் ஸ்பானரைத் தொடாதீர்கள்.

கழற்றுவதற்கு முன் ஃபிளாஞ்சிலும் யோக்கிலும், ஸ்பிளைனின் இரு பக்கத்திலும் பெயிண்டால் கோடு போடுங்கள், அல்லது சென்டர் பஞ்சால் புள்ளி வையுங்கள். ஷாஃப்டின் இரு முனை யோக்கும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். ஸ்பிளைனை உருவித் திரும்பப் போடும்போது தவறான பல்லில் உட்கார்ந்தால், ஒரு ஜாயிண்ட் கொடுக்கும் உதறலை மறு ஜாயிண்ட் சமன் செய்யாமல் கூட்டிவிடும். கிராஸ் மாற்றிய மறுநாளே அதிர்வு புதிதாக வந்தது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். யூ போல்ட்டில் நிற்கும் வகையானால், கழற்றியதும் வெளியே தொங்கும் இரண்டு கப்பையும் டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள், ஊசி மண்ணில் சிதறாது.

இப்போது அந்தப் பழைய கிராஸ். நாலு மூக்கையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மூக்கின் மேல் ஊசியின் நீளத்துக்குப் பள்ளப் பள்ளமாகக் கோடுகள் விழுந்திருந்தால் அளவுக்கு மீறிய இழுவை, கூடிப்போன கோணம், கோணிய யோக், கிரீஸ் குறை இவற்றில் ஒன்று. மேல்தோல் செதில் செதிலாகப் பெயர்ந்து துருப் படிந்திருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. ஒரே ஒரு மூக்கு மட்டும் கருநீலமாகக் கருகி மற்ற மூன்றும் நன்றாக இருந்தால் அந்த ஒரு கப்புக்குக் கிரீஸ் போகவே இல்லை. மூக்கின் முனை, கப்பின் அடியில் படும் தட்டையான முகம், அரைபட்டுச் சிராய்ந்திருந்தால் பொருத்தும்போது இறுக்கமாகப் போனது, கோணம் கூடியது, முனைக்குக் கிரீஸ் எட்டாதது என்ற மூன்றில் ஒன்று. மூக்கு ஒடிந்தே போயிருந்தால் அது திடீர் அடி: சேற்றில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்து சட்டென்று பிடித்தது, கிளட்சைப் படாரென்று விட்டது போன்றவை. உங்கள் வண்டியில் நான் எதிர்பார்ப்பது பள்ளக்கோடும் துருவும் சேர்ந்த கலவை. பார்த்த பிறகு வேறு மாதிரி இருந்தால் கண்ணில் தெரிவதை நம்புங்கள், என் எதிர்பார்ப்பை அல்ல.

அடுத்தது யோக்கின் துளை. முழு ஷாஃப்ட் மாற்ற வேண்டுமா என்பதை முடிவு செய்யும் இடம் இதுதான். புதுக் கப், வைஸில் வைத்து அழுத்தினால்தான் உள்ளே போக வேண்டும். கட்டைவிரலால் தள்ளியே போகிறது என்றால் துளை தேய்ந்துவிட்டது, அதில் எவ்வளவு நல்ல கிராஸ் போட்டாலும் கப் துளைக்குள் சுழன்று சில மாதத்தில் பழையபடிதான். கப்பைச் சுற்றிப் பஞ்ச் அடித்து இறுக்குவது, நாலு இடத்தில் வெல்டிங் புள்ளி வைப்பது இரண்டும் பட்டறைகளில் சகஜமாக நடக்கிறது. பஞ்ச் அடித்த கப் மையம் விலகி உட்காரும். வெல்டிங் சூட்டில் கப்பின் கடினம் போய்விடும், உள்ளே கிரீஸ் வெந்துவிடும், சீல் கருகிவிடும். நாலு மாதத்தில் போன உங்கள் வேலையில் இப்படி ஏதாவது தடயம் இருக்கிறதா என்று யோக்கின் காதைச் சுரண்டிப் பாருங்கள். துளை போயிருந்தால் அந்த யோக்கை மட்டும் மாற்றலாம். லேத்தில் ஷாஃப்டின் குழாயான டியூபின் வெல்டிங்கை வெட்டி, புது யோக்கை நேர் பார்த்து வெல்டு செய்து, பிறகு பேலன்ஸ் செய்ய வேண்டும். டியூபும் ஸ்பிளைனும் நன்றாக இருந்தால் முழு ஷாஃப்ட் வாங்குவதைவிட இது மலிவு.

கிராஸ் வாங்கும்போது வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். இவ்வளவு பழைய ஜீப்பில் யார் எந்த ஷாஃப்டைப் போட்டார்கள் என்று ஆர்.சி. புத்தகம் சொல்லாது. பழைய கிராஸைக் கையில் எடுத்துப் போய் வெர்னியரில் இரண்டு அளவு பாருங்கள்: கப்பின் வெளிவிட்டம், ஒரு கப்பின் வெளிமுகத்திலிருந்து எதிர்க் கப்பின் வெளிமுகம் வரை நீளம். உதாரணமாக ஸ்பைசர் 1310 என்ற பரவலான அளவில் விட்டம் ஏறக்குறைய 27 மி.மீ., நீளம் ஏறக்குறைய 82 மி.மீ. நீளத்தில் அரை மி.மீ. மாறினாலும் கப்பை வெளியே வராமல் பிடிக்கும் சர்க்ளிப் உட்காராது, அல்லது உட்கார்ந்து ஆடும். ஷாஃப்டின் இரு கிராஸையும் ஒரே கம்பெனியில் சேர்த்து மாற்றுங்கள். சர்க்ளிப் புதிதாகவே இருக்க வேண்டும்.

பொருத்தும் முறை சுருக்கமாக. பழையதைக் கழற்ற, சர்க்ளிப் இறுகி இருந்தால் கப்பை முதலில் உள்பக்கமாக லேசாகத் தட்டுங்கள், அழுத்தம் தளர்ந்து கிளிப் வந்துவிடும். பிறகு வைஸில் ஒரு பக்கம் கப்பைவிடச் சிறிய பாக்ஸ் சாக்கெட்டையும் மறுபக்கம் கப்பே உள்ளே போகும் அளவு பெரிய சாக்கெட்டையும் வைத்து இறுக்கினால் கப் வெளியே தள்ளப்படும். வைஸில் யோக்கைப் பிடியுங்கள், டியூபைப் பிடிக்காதீர்கள். டியூபில் விழும் சின்ன நசுங்கல்கூட ஷாஃப்டைப் பலவீனமாக்கும், பேலன்ஸையும் கெடுக்கும். துளையையும் சர்க்ளிப் காடியையும் நைஸ் எமரியால் துரு போகத் தேய்த்துத் துணியால் துடையுங்கள். புதுக் கப்பில் ஊசிகளைக் கிரீஸில் ஒட்டி நிறுத்தி, கிராஸின் மூக்கு ஒரு கப்புக்குள் இருக்கும்படி பிடித்துக்கொண்டே அழுத்துங்கள். கிரீஸ் அடிக்கும் நிப்பிள் டியூப் பக்கம் பார்த்து, கிரீஸ் கன் எட்டும் கோணத்தில் நிற்கட்டும்.

கப் முக்கால்வாசி போய் நின்றுவிட்டது, சர்க்ளிப் காடி பாதிதான் தெரிகிறது என்றால் ஓர் ஊசி கீழே விழுந்து குறுக்கே படுத்திருக்கிறது. இந்த இடத்தில் சுத்தியால் ஓங்கி அடித்து உட்கார வைத்த கிராஸ்கள்தான் நாலு மாதத்தில் திரும்பி வருகின்றன. கழற்றி ஊசியை நிமிர்த்தி மறுபடி போடுங்கள், பத்து நிமிட வேலை. நாலு கிளிப்பும் உட்கார்ந்த பிறகு யோக்கின் காதில் செம்பு சுத்தியாலோ மரச் சுத்தியாலோ லேசாகத் தட்டினால் கப் வெளிப்பக்கமாக நகர்ந்து கிளிப்பில் போய் அமரும், ஜாயிண்ட் இலகுவாகும். கையால் அசைத்தால் நாலு திசையிலும் ஒரே மாதிரி, மெல்லிய பிடிப்போடு திரும்ப வேண்டும். ஒரு திசையில் மட்டும் கனமாக இருந்தால் அப்படியே வண்டியில் ஏற்றாதீர்கள், ஓடி ஓடிச் சரியாகிவிடும் என்பது நடக்காத காரியம்.

ஸ்பிளைனைப் பார்க்க, ஷாஃப்ட் வண்டியில் இருக்கும்போதே அந்த இடத்தின் இரு பக்கத்தையும் பிடித்துத் திருப்பியும், மேலும் கீழும் ஆட்டியும் பாருங்கள். திருப்பும்போது மிகச் சிறிய அசைவு இருக்கலாம். மேலும் கீழும் ஆடினால் ஷாஃப்டின் நடு அச்சே விலகுகிறது, எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் நிற்காது. தேய்ந்த ஸ்பிளைனில் வெல்டிங் ஏற்றி ராவிப் பல் எடுத்துத் தரும் இடங்கள் உண்டு. அதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஆண், பெண் இரண்டையும் ஜோடியாகப் புதிதாகப் போடுவதுதான் நிலைக்கும்.

டியூப் நேராக இருக்கிறதா என்பதை டயல் கேஜ் வைத்துப் பார்ப்பார்கள். நடுவில் 0.4 மி.மீ.க்கு மேல் ஓடினால் நிமிர்த்த வேண்டும். பேலன்ஸ் செய்யக் கொடுக்கும் முன் டியூபில் ஒட்டிய தார், சேறு, அண்டர்கோட்டிங் எல்லாவற்றையும் சுரண்டிவிடுங்கள், சில சமயம் அதிர்வே அதோடு போய்விடும். டியூபில் சின்னத் தகட்டுத் துண்டு வெல்டு செய்திருக்கும், அது பேலன்ஸ் எடை, அழுக்கு என்று நினைத்து உளியால் தட்டி எடுத்துவிடாதீர்கள். மாதவரம், மணலிப் பக்கம் லாரி, டிரெய்லர் ஷாஃப்ட் பார்க்கும் பட்டறைகளுக்குப் போனால், ஜீப்பின் சின்ன ஃபிளாஞ்சுக்குப் பொருந்தும் அடாப்டர் இருக்கிறதா, அந்த மெஷினில் இவ்வளவு இலகுவான ஷாஃப்ட் பார்க்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அங்கே பேலன்ஸ் செய்வதில் பயனில்லை. மெஷின் கிடைக்காவிட்டால் கையால் செய்யும் வழி ஒன்று இருக்கிறது. டியூபின் கிரவுன் பக்க முனையில் சுற்றளவை நாலாகப் பிரித்து 1, 2, 3, 4 என்று குறியுங்கள். ஓர் ஓஸ் கிளிப்பை மாட்டி அதன் திருகுத் தலையை ஒவ்வொரு குறியிலும் வைத்து அதே வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். எங்கே அதிர்வு குறைகிறதோ அங்கே நிறுத்தி, இரண்டாவது கிளிப்பையும் அதே இடத்தில் போடுங்கள். அதிகமாகிவிட்டால் இரண்டு தலையையும் சம தூரத்தில் விலக்கிக்கொண்டே போகலாம். எந்த இடத்தில் வைத்தாலும் மாற்றமே இல்லையென்றால் கோளாறு பேலன்ஸில் இல்லை, அதுவும் ஒரு பதில்தான்.

உங்கள் வண்டியில் என் முதல் சந்தேகம் கோணத்தின் மேல். ஜீப்பின் பின் ஷாஃப்ட் குட்டை. கிராஸிலிருந்து கிராஸ் வரை 60 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பட்டையால் பின்பக்கம் 4 செ.மீ. உயர்ந்தால் ஒவ்வொரு ஜாயிண்டிலும் கோணம் ஏறக்குறைய 4 டிகிரி கூடுகிறது. கிராஸ் கம்பெனிகள் வழக்கமாகச் சொல்லும் உச்ச வரம்பு, நிமிடத்துக்கு 2,000 சுற்றில் 8.7 டிகிரி, 2,500-ல் 7, 3,000-ல் 5.8. முன்பே 5 டிகிரியில் நின்ற ஜாயிண்ட் இப்போது 9-க்குப் போய், 60 கி.மீ. வேகத்தில் 2,270 சுற்றில் ஓடுகிறது என்றால் அது வரம்புக்கு வெளியே. பாரம் ஏற்றினால் பட்டை அமுங்கி வரம்புக்குள் வந்துவிடும். அதனால்தான் காலி வண்டியில் அதிர்வும் லோடு வண்டியில் அமைதியும் சிலருக்கு வருகிறது. உங்களுக்கும் அப்படியா என்று கவனியுங்கள், அது மிகப் பெரிய தடயம்.

இதை அளக்கப் பட்டறை வேண்டியதில்லை. செல்போனில் சாய்வு காட்டும் ஆப் போதும். வண்டி தன் வழக்கமான பாரத்தோடு சமதரையில் சக்கரத்தின் மேல் நிற்க வேண்டும், ஜாக்கியில் தூக்கி அளந்தால் எண் பொய். டிரான்ஸ்ஃபர் கேஸ் ஃபிளாஞ்சின் முகத்திலும் பினியன் ஃபிளாஞ்சின் முகத்திலும் போனைச் செங்குத்தாக வைத்துச் சாய்வைக் குறியுங்கள், டியூபின் மேல் நீளவாக்கில் வைத்து அதன் சாய்வையும் குறியுங்கள். ஃபிளாஞ்சின் சாய்வுக்கும் டியூபின் சாய்வுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஜாயிண்டின் கோணம். இரு முனைக் கோணமும் ஒரு டிகிரிக்குள் சமமாக இருக்க வேண்டும். சமமில்லை என்றால் பட்டைக்கும் ஆக்சில் திண்டுக்கும் நடுவே ஆப்புத்தகடு வைத்து பினியனின் மூக்கைத் திருப்பலாம். பட்டையின் பின்முனையைச் சேஸிஸில் தொங்கவிடும் பின் ஷேக்கிளை நீட்டிய வண்டிகளில் மூக்கு மேலே நிமிர்ந்திருக்கும், அதற்கும் இதே மருந்துதான். இரண்டும் சமம், ஆனால் இரண்டுமே அதிகம் என்றால் ஆப்பு உதவாது. கூடுதல் பட்டையை எடுப்பதுதான் நேரான வழி. பாரம் உண்மையிலேயே அதிகம் என்றால், எத்தனை பட்டை சேர்ப்பது என்பதை ஏற்றிய வண்டியின் உயரத்தை அளந்து முடிவு செய்யுங்கள்.

பழைய ஷாஃப்ட் வாங்குவது தப்பில்லை. புதுப்பேட்டையில் நல்ல ஷாஃப்டும் கிடைக்கிறது. உங்களுடையதன் நீளத்தை வண்டி தரையில் நிற்கும்போது ஃபிளாஞ்சிலிருந்து ஃபிளாஞ்ச் வரை அளந்து, போல்ட் துளைகளின் இடைவெளியையும் குறித்துக்கொண்டு போங்கள். அந்த நீளத்தில் வைத்தால் ஸ்பிளைன் இன்னும் உள்ளே போக 25 மி.மீ.யாவது இடம் இருக்க வேண்டும், வெளியேயும் போதுமான பிடிப்பு இருக்க வேண்டும். டியூபில் நசுங்கல், யோக்கில் பஞ்ச் குறி, காதில் வெல்டிங் பொட்டு இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். எந்த ஷாஃப்டைப் போட்டாலும் ஃபிளாஞ்ச் போல்ட்டைக் கடைச் சரக்கு மைல்டு ஸ்டீலில் போடாதீர்கள். தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்த ஹை டென்சில் போல்ட், முன்பிருந்த அதே திரெட், நட்டு புதிது. ஓட ஆரம்பித்து 100 கி.மீ. ஆனதும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

பராமரிப்பில் வட சென்னைக்காரர்கள் புத்தகக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடலோர உப்புக்காற்று, மழைக்காலத்தில் சுரங்கப்பாதைகளிலும் மணலி, திருவொற்றியூர் உள்தெருக்களிலும் தேங்கும் நீர். 2015-லும் 2023 மிக்ஜாம் புயலிலும் நின்ற தண்ணீரைச் சொல்லத் தேவையில்லை. சாதாரணமாக 5,000 கி.மீ.க்கு ஒருமுறை கிரீஸ் என்றால், ஷாஃப்ட் முங்கும் அளவு தண்ணீரில் ஓட்டிய அன்றோ மறுநாளோ கட்டாயம் அடிக்க வேண்டும். என்.எல்.ஜி.ஐ. 2 தரத்து இ.பி. லித்தியம் கிரீஸ் போதும். நிப்பிளைத் துடைத்துவிட்டு, நாலு கப்பின் சீல் வழியாகவும் புதுக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். மூன்றில் வந்து ஒன்றில் வரவில்லை என்றால் ஷாஃப்டை அந்தக் கப்புக்கு எதிர்ப்பக்கமாக நெம்பிப் பிடித்துக்கொண்டு அடியுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் அந்தக் கப்பைத் திறந்துதான் பார்க்க வேண்டும், கருகப்போகும் மூக்கு அதுதான். வெளியே வரும் பழைய கிரீஸ் பால் நிறத்திலோ காவி நிறத்திலோ இருந்தால் தண்ணீர் போய்விட்டது, சுத்தமான நிறம் வரும் வரை நிறுத்தாதீர்கள். ஸ்பிளைன் நிப்பிளில் கதை வேறு. முனை மூடியில் துளை இருந்தால் அதில் கிரீஸ் வரும் வரை அடித்து, விரலால் அதை அடைத்துக்கொண்டு சீலில் வரும் வரை அடிக்கலாம். துளை இல்லாததில் சில அழுத்தலோடு நிறுத்துங்கள். முழுக்க அடைத்தால் ஷாஃப்ட் உள்ளே சுருங்க முடியாமல் பினியன் பேரிங்கையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பேரிங்கையும் இடிக்கும்.

தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஓடிச் சூடான கிரவுன் ஹவுசிங் குளிர்ந்த தண்ணீரில் முங்கினால் உள்ளே காற்று சுருங்கி, காற்று போய்வர வைத்த பிரீதர் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். டிரெயின் பிளக்கைத் தளர்த்திக் கொஞ்சம் ஆயிலை எடுத்துப் பாருங்கள். மோர் நிறமாக இருந்தால் மொத்தமும் மாற்றிவிடுங்கள், கிரவுனுக்கு ஜி.எல். 5 தரத்துக் கியர் ஆயில். பிரீதரை ஒரு ரப்பர் குழாயால் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அடுத்த மழைக்குக் கவலை குறையும்.

முன் ஷாஃப்டை மறந்துவிடுவார்கள். ஹப் ஃப்ரீயில் கிடக்கும்போது அது மாதக்கணக்கில் சுற்றாமல், ஊசிகள் ஒரே இடத்தில் அழுந்தி, கிரீஸ் ஒரு பக்கமாக வடிந்து துருப்பிடிக்கும். மாதத்துக்கு ஒருமுறை ஹப்பை லாக் செய்து சில கி.மீ. ஓட்டுங்கள். ஃபோர் வீலைப் போடுவது என்றால் மணலிலோ ஈரமண்ணிலோ மட்டும். இந்த வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் ஃபோர் வீலில் திருப்பினால் முன் பின் சக்கரங்களின் வேக வித்தியாசம் போக வழியில்லாமல் இரண்டு ஷாஃப்டையும் முறுக்கும், லீவர் வெளியே வராமல் பிடித்துக்கொள்வது அதன் அறிகுறி. முன் பின் டயர் அளவு வேறாக இருந்தால் நேராகப் போகும்போதே இந்த முறுக்கம் ஏறும்.

கடைசியாக, வழியில் கிராஸ் உடைந்தால். பின் ஷாஃப்டின் முன்முனை உடைந்து தரையில் ஊன்றினால் வண்டியே தூக்கி எறியப்படலாம், ஆகவே ‘டங்’ சத்தம் ‘கடகட’வாக மாறிய பிறகு ஒரு கி.மீ.கூட ஓட்டாதீர்கள். கம்பியால் கட்டித் தொங்கவிட்டு ஓட்டுவதும் கூடாது. ஷாஃப்டை இரு முனையிலும் கழற்றி எடுத்து வண்டிக்குள் போட்டுக்கொண்டு, முன் ஹப்பை லாக் செய்து, ஃபோர் வீல் ஹையில் முன் சக்கரத்தாலேயே 30 கி.மீ. வேகத்துக்குள் பட்டறை வரை போய்விடலாம். இரு முனையும் ஃபிளாஞ்சிலோ யூ போல்ட்டிலோ நிற்கும் ஷாஃப்டுக்குத்தான் இது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் செருகும் வகையானால் அந்த வாயிலிருந்து ஆயில் கொட்டும், அதை இறுக அடைக்க வழியில்லாவிட்டால் ஷாஃப்டைக் கழற்றாமல் டோ வண்டியைக் கூப்பிட்டு, பின் சக்கரங்களைத் தூக்கி இழுத்துப் போகச் சொல்லுங்கள்.